பூட்ஸ் ஆலையில் மூன்றாம் மாடி

காலிங்வுட், மெல்பர்ன்
12 மார்ச் 2001

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

நான் சௌக்கியமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தீவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

டெனிஸை அடக்கம் செய்து இரண்டரை வாரம் ஆகிறது. நீ வராததைப் பற்றி இங்கே யாரும் குறை சொல்லவில்லை. காற்றடித்து விமானம் ரத்தானால் நீ என்ன செய்வாய்? நீ அனுப்பிய பூ வந்து சேர்ந்தது. அட்டையில் உன் அண்ணன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். நான் பேனாவால் திருத்தி வைத்தேன்.

வக்கீல் உயிலைப் படித்தார். இந்தப் பழைய பூட்ஸ் ஆலையின் மூன்றாம் மாடி உனக்கும் எனக்கும் சரிபாதி. நீ இதைப் பார்த்ததே இல்லை, அதனால் சொல்கிறேன். ஒரே பெரிய கூடம். நடுவே நான்கு இரும்புத் தூண்கள். கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒரு மூலையில் டெனிஸே மரத்தில் பரண் கட்டி, மேலே படுக்கை போட்டிருக்கிறான். ஆலை மூடி, கூரை ஒழுகி, புறா அடைந்து கிடந்த காலத்தில் வாங்கினான். நாடகத்துக்குத் திரை வரைய அவனுக்குப் பெரிய சுவர் தேவைப்பட்டது. அப்போது எல்லோரும் அவனைப் பைத்தியம் என்றார்கள். இப்போது அதே ஆட்கள் இந்த மாதிரி இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ப்ரெண்டன் என்று ஒரு வீட்டுத் தரகர் வந்து பார்த்தார். முப்பது வயதுதான் இருக்கும். செங்கல் சுவரைத் தடவிக் கொடுத்து, "இதுக்கு மேல சுண்ணாம்பு கிண்ணாம்பு பூசிராதீங்கம்மா. இதுக்குத்தான் விலையே" என்றார். கூரையில் தொங்கும் பழைய இரும்புக் கொக்கியைக் காட்டி, "இது பெரிய சொத்து" என்றார்.

"இதுல என்னத்த மாட்டுறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாட்டக்கூடாது. அதான் அழகு."

விற்பதற்கான காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நாம் சண்டை போடுகிறோம். அம்மா வீட்டை விற்றபோது பட்டதே போதும். கடிதமே நல்லது. பதிலை இந்த முகவரிக்கே போடு. காகிதமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். உன் அத்தான் நெவில் வழக்கம்போலத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
நோலா


லேடி பேரன், ஃப்ளிண்டர்ஸ் தீவு
24 மார்ச் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம். அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பென்சில் குறி இல்லாத இரண்டு இடத்திலும் போட்டிருக்கிறேன், தப்பென்றால் அடித்துவிடச் சொல். என்ன விலை வருகிறதோ அந்த விலைக்கு விற்றுவிடுவோம். கொக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிடு. என் படகின் இயந்திரம் போய்விட்டது. போன வாரம் சிங்கி இறால் கூண்டுகளை எடுக்கப் போய், பாதி வழியில் நின்று, டக் நிக்கல்ஸன் கயிறு கட்டி இழுத்து வந்தான். துறைமுகமே வேடிக்கை பார்த்தது. புது இயந்திரம் இல்லாமல் இந்தக் குளிர்காலம் தாண்டாது.

அன்றைக்குக் காற்று ரொம்ப மோசம். வர முடிந்திருந்தால் வந்திருப்பேன்.

மட்டன்பேர்ட் கடல்பறவைக் குஞ்சு பிடிக்கும் பருவம் தொடங்கிவிட்டது. ஊரே பறவைக் கொழுப்பு நாற்றம். உனக்கு ஒரு டப்பா அனுப்பவா?

இப்படிக்கு,
ராய்ஸ்


காலிங்வுட்
9 ஏப்ரல் 2001

அன்புள்ள ராய்ஸுக்கு,

காகிதம் வந்தது. அந்த இரண்டு கையெழுத்தையும் அடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை. மட்டன்பேர்ட் அனுப்பாதே. வீடு விற்கிற நேரத்தில் அந்த வாசனை வந்தால் ப்ரெண்டன் மயங்கி விழுந்துவிடுவார்.

டெனிஸின் சாமான்களையெல்லாம் ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்டு, வாடகைச் சாமான் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். வீடு வாங்க வருபவர்களுக்கு ஆள் வாழ்ந்த வீடு பிடிக்காதாம், ஆள் வாழப்போகிற வீடுதான் பிடிக்குமாம். ஒரு வெள்ளை சோபா, ஒரு கண்ணாடி மேஜை, அதன் மேல் ஒரு தட்டு நிறையப் பச்சை ஆப்பிள். சோபாவில் உட்காரக் கூடாது, ஆப்பிளைத் தின்னக் கூடாது. நான் ஒன்றைத் தின்றேன். அடுத்த வாரம் ப்ரெண்டன் எண்ணிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து பதினொன்றரை வரை கதவைத் திறந்து வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலை அதிகமாக இருப்பதால் நான் சில ராத்திரி இங்கேயே தங்கிவிடுகிறேன். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கெட்டில், தட்டு, தலையணை, செருப்பு, பல் பிரஷ் எல்லாவற்றையும் இரண்டு பையில் போட்டுக் கார் டிக்கியில் வைத்துவிடுவேன். போன சனிக்கிழமை ப்ரெண்டன் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "டோஸ்ட் வாசனை வருதே?" என்றார். "கீழ் வீட்டுல இருந்து வருதோ என்னவோ" என்றேன்.

நானும் வாங்க வந்தவள் மாதிரி ஒரு தூணோரமாக நிற்பேன். அன்றைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தம்மா பரணைப் பார்த்து, "தினமும் இந்த ஏணியில ஏறித்தான் தூங்கணுமா? உங்க இடுப்புக்கு இது ஆகுமா?" என்றாள். "இடுப்பு போனா வித்துட்டுப் போயிருவோம்" என்றார் அவர். "இடுப்பையா?" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்துட்டிருக்கேன்" என்றேன்.

காலை ஆறரைக்கு வெயில் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கி முதல் தூணில் விழுகிறது. ஏழு மணிக்கு இரண்டாவது தூண். எட்டு மணிக்குள் கூடமெல்லாம் வெளிச்சம். டெனிஸ் இதைச் சொன்னபோது நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

விலை இன்னும் யாரும் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன் அக்கா,
நோலா


லேடி பேரன்
21 ஏப்ரல் 2001

அக்காவுக்கு,

சளி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் அன்று வாழ்த்துச் சொல்ல உன் வீட்டுக்குப் போன் செய்தேன். கடிதம்தான் என்று பேசியிருந்தோம், இருந்தாலும் பண்டிகை நாள். அத்தான் எடுத்தார். "அக்கா இருக்கா?" என்றேன். "அவ பிப்ரவரியிலேயே போயிட்டாளே. உனக்குத் தெரியாதா? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னா எனக்கும் சொல்லு" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். "இறால் விலை எப்படி?" என்று அவர் கேட்டார், நானும் சொன்னேன்.

உனக்கும் அத்தானுக்கும் நடுவில் நான் வரவில்லை. அறுபதை நெருங்குகிறவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவசரப்பட வேண்டாம் என்று எழுதினாயே, அது வீட்டுக்காகவா, உனக்காகவா? என் படகு ஒரு மாதமாகக் கரையில் நிற்கிறது.

ராய்ஸ்


காலிங்வுட்
30 ஏப்ரல் 2001

அன்புள்ள ராய்ஸுக்கு,

சளி போய்விட்டது. கேட்டதற்கு நன்றி.

எனக்காகத்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நான் இங்கேதான் குடியிருக்கிறேன். சில ராத்திரி இல்லை, எல்லா ராத்திரியும்.

டெனிஸும் லீத்தும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்த அன்று நெவில் என்னிடம், "அந்த ரெண்டு ஆம்பளைங்களும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார். பதினெட்டு வருஷம் மிதிக்கவில்லை. நான்தான் மாதம் ஒரு தடவை, பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வருவேன். "உனக்கு மொத்தம் எத்தனை பல்லுதான் இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். லீத் செத்த வாரம்கூடப் பல் டாக்டர்தான்.

டெனிஸின் அடக்கத்தன்று நெவிலுக்கு போல்ஸ் கிளப்பில் பந்து உருட்டும் இறுதிப் போட்டி. போகாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். சாயங்காலம் கோப்பையோடு வந்தார். அதை மேஜையில் வைத்துவிட்டு, "அங்க கூட்டம் வந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கை போட்டேன். இன்னொரு கை போடவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்து வைத்துவிட்டு இரண்டு பையோடு இங்கே வந்துவிட்டேன். அழவில்லை. எனக்குப் பசித்தது. டெனிஸின் அலமாரியில் ஒரு டப்பா மீன் இருந்தது, அதைத் தின்றுவிட்டுத் தூங்கினேன். கல்யாணம் ஆன முப்பத்து நாலு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

விற்பனையை நான் தடுக்க மாட்டேன். உன் பாதியை வாங்கிக்கொள்ள என்னிடம் வசதி இல்லை, அது உனக்கும் தெரியும். விற்றால் என் பங்கில் மெல்டன் பக்கம் ஒரு சின்ன வீடு கிடைக்கும் என்கிறார்கள். ரயிலில் ஒரு மணி நேரம். பரவாயில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அவ்வளவே.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
நோலா


லேடி பேரன்
12 மே 2001

அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். ஒத்தடம் கொடுத்தேன், பிரயோஜனம் இல்லை.

நீ பட்ட கஷ்டம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் முன்பே விசாரித்திருப்பேன். ஆனால் நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தத் தீவில் வேறு தொழில் கிடையாது. படகு ஓடவில்லை என்றால் ஆடு மேய்க்க வேண்டியதுதான், அதற்கும் ஆள் இருக்கிறார்கள். நீ கேட்கவில்லை என்று எழுதிவிட்டு, நாலு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறாய்.

பதினெட்டு வருஷம் வாசப்படி மிதிக்க விடாதவர் அத்தான் மட்டும் இல்லை அக்கா. அந்த வீட்டில் நீயும் இருந்தாய். கதவை உள்ளே இருந்து திறக்க உனக்கும் கை இருந்தது. என்னைச் சொன்னால், நான் கடல் தாண்டி இருக்கிறேன். கடைசி நாளில்கூட விமானம் பறக்கவில்லை. நான் என்ன செய்ய?

ஏலத்துக்கு நாள் குறிக்கச் சொல்.

ராய்ஸ்


காலிங்வுட்
18 மே 2001

ராய்ஸ்,

நான் நலம்.

கதவைப் பற்றி நீ சொன்னது நியாயம்.

பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை காலை, உன்னை அழைத்துவர நான் எசென்டன் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். நீ டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அதனால். தீவிலிருந்து விமானம் ஒன்பதேகாலுக்கு வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். ஒரு பெண் கூடையில் கோழிக்குஞ்சு வைத்திருந்தாள். கடைசியாக விமானி இறங்கினார். அவரிடம், "ராய்ஸ் காலிஸ்டர் வரலீங்களா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இல்லம்மா, வரல" என்றார். வானம் நீலமாக இருந்தது. இலை அசையவில்லை.

நீ ராத்திரி போன் செய்து காற்று என்றாய். நானும் எல்லோரிடமும் காற்று என்று சொன்னேன்.

ஏலம் ஜூன் 23, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. எந்த விலைக்குக் கீழே விற்க மாட்டோம் என்பதை உரிமையாளர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விலையை நீயே எழுதி, உறையை ஒட்டி ப்ரெண்டனுக்கு அனுப்பு. அதில் நான் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். இனி இந்த வீட்டைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் இல்லை.

நோலா


காலிங்வுட்
11 ஜூன் 2001

ராய்ஸுக்கு,

சுகமாக இருக்கிறாயா? மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. வானிலைச் செய்தியில் நீரிணையில் புயல் என்று சொன்னார்கள். படகு இல்லாதது ஒரு விதத்தில் நல்லதுதான்.

மெல்டனில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். புதுசு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டின் கார் ஷெட் சுவர். கையை நீட்டினால் தொடலாம். முன்பணம் கொடுக்கவில்லை, ஏலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்மித் தெருவில் துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வாரம் நாலு நாள். கடைக்காரி லிடியா வாய் ஓயாமல் பேசுவாள். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று முதல் நாளே கேட்டாள். "போல்ஸ் ஆடுறாரு" என்றேன்.

உன் உறை இன்னும் வரவில்லை என்று ப்ரெண்டன் தினமும் கேட்கிறார். என் மேல் கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

நோலா


காலிங்வுட்
25 ஜூன் 2001

டேய் ராய்ஸ்,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். என்னடா செய்து வைத்திருக்கிறாய்?

முதலிலிருந்து சொல்கிறேன். உன் உறை வியாழக்கிழமை வந்தது. மேலே, "ஏலத்தன்று காலையில் மட்டும் பிரிக்கவும்" என்று எழுதியிருந்தாய். ப்ரெண்டனுக்கு அது பிடித்துப் போயிற்று. "உங்க தம்பி விஷயம் தெரிஞ்ச ஆளு. விலை வெளிய கசியக் கூடாதுன்னு பாக்குறாரு" என்றார். நான் உறையோடு சேர்த்து வைக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை தெருவில் அறுபது எழுபது பேர். பாதிப் பேர் அக்கம்பக்கம், கையில் காபியோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எதிர் வீட்டுக்காரர் நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார். ப்ரெண்டன் கொடி நட்டு, பெட்டி மேல் ஏறுவதற்கு முன் உறையைப் பிரித்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது. உனக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. எழுபது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார் பாவம்? மேலே ஏறினார்.

விலை வேகமாக ஏறியது. இடுப்பு வலிக்காரரும் பெண்டாட்டியும் ஒரு பக்கம், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தன் இன்னொரு பக்கம். மூன்று லட்சம் தாண்டியதும் அந்தம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்ங்க, ஏணி வேற இருக்கு" என்றாள். கறுப்புக் கோட்டு மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றான். "ஒரு தரம்" என்றார் ப்ரெண்டன். "ரெண்டு தரம்." அபிப்பிராயம் இல்லை என்று எழுதினேனே, பொய். அங்கே நின்றபோதுதான் தெரிந்தது, எனக்கு இந்த வீடு வேண்டும். தெருவில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

மூன்றாம் தரம் வரவில்லை. ப்ரெண்டன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உரிமையாளர் சொன்ன விலை வரல. ஏலம் படியல. மன்னிக்கணும்" என்றார். கறுப்புக் கோட்டு, "இன்னும் எவ்வளவுங்க வேணும்?" என்று கத்தினான். ப்ரெண்டன் கொடியைப் பிடுங்கிச் சுருட்டினார். நாற்காலிக்காரர், "அடச்சே, இதுக்கா எழுந்து வந்தேன்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு காகிதத்தை என்னிடம் காட்டினார்.

ஒரு கோடி டாலர்.

"இதுல சைபர் ஒண்ணு ரெண்டு கூடப் போட்டுட்டாரா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். தவறா, வேண்டுமென்று செய்ததா? உன் படகு என்ன ஆவது? விளம்பரச் செலவு நம் தலையில். ப்ரெண்டன் என்னோடு பேசுவதில்லை. உடனே பதில் போடு.

முழங்கால் எப்படி?
நோலா


லேடி பேரன்
3 ஜூலை 2001

அன்புள்ள நோலா அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ திட்டி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

சைபர் சரியாகத்தான் போட்டேன். எண்ணிப் பார்த்துப் போட்டேன்.

உன் மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இல்லை. நாலு தடவை எழுதினேன். எதையும் தபாலில் போட முடியவில்லை. இதைப் போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

1990 கோடையில் டெனிஸ் அண்ணனும் லீத்தும் இங்கே வந்தார்கள். உன்னிடம் அவன் சொல்லியிருக்க மாட்டான். சொல்லாமலே வந்து, படகுத்துறையில் நின்றான். டக்கும் மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். லீத், நம் அண்ணனின் தோளில் கை போட்டிருந்தான். டக் என்னிடம், "யாருப்பா இவங்க?" என்றான். நான், "மெல்பர்ன்காரங்க. படம் பிடிக்க வந்திருக்காங்க. படகு வாடகைக்குக் கேட்டாங்க" என்றேன். அண்ணன் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுவதும் அவர்களைப் படகில் கூட்டிக்கொண்டு போனேன். லீத் நிஜமாகவே படம் பிடித்தான். சாயங்காலம் கரைக்கு வந்ததும் அண்ணன், "எவ்வளவு ஆச்சுங்க?" என்று கேட்டான். என்னை 'ங்க' போட்டுக் கேட்டான் அக்கா. டக் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பணத்தை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவனும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

பிப்ரவரியில் நான் விமானத் தளத்துக்குப் போனேன். சூட் போட்டிருந்தேன். வண்டியை விட்டு இறங்கவில்லை. விமானி வந்து கண்ணாடியைத் தட்டி, "ராய்ஸ், வர்றியா இல்லையா?" என்றான். "நீ போ" என்றேன். அடக்கத்தில் யாராவது என்னைப் பார்த்து, நீங்கள் டெனிஸுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் நான் எந்த வாயால் சொல்வது? அதுதான் பயம். வேறு காற்று எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு அவன் பாதி வீட்டை எழுதி வைத்திருக்கிறான். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அதை விற்று இயந்திரம் வாங்கினால், அன்றைக்கு அவனிடம் வாங்கிய வாடகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விலை எழுத உட்கார்ந்தபோது யாரும் கொடுக்க முடியாத ஒரு தொகையாக யோசித்தேன். இரண்டு கோடி எழுதலாம் என்றுகூட நினைத்தேன், பேராசை என்று விட்டுவிட்டேன்.

நீ அங்கேயே இரு. டக்கின் படகில் கூலிக்குப் போகிறேன். அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், கிண்டலாக "அந்தக் கூண்ட ஒழுங்கா வைங்க பெரியவரே" என்கிறான். வைக்கிறேன். போன வாரம் அவனிடம், "ஒருநாள் படம் பிடிக்க ரெண்டு பேர் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல ஒருத்தர் என் அண்ணன்" என்றேன். டக் கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டிவிட்டு, "அப்பவே தெரியும்பா. மூக்கு அப்படியே உன் மூக்கு" என்றான்.

கதவைப் பற்றி நான் எழுதியதை மன்னித்துக்கொள்.

உன் தம்பி,
ராய்ஸ்


காலிங்வுட்
14 ஜூலை 2001

அன்புள்ள ராய்ஸுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். டக்கின் படகில் கனமான கூண்டைத் தூக்காதே, பெரியவர் என்கிறானே, பெரியவராகவே நடந்துகொள்.

உன் கடிதத்தைப் பரணில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அந்தப் படகுத்துறை விஷயம் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மன்னிக்க நான் ஆள் இல்லை. அவனைப் பதினெட்டு வருஷம் பல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவன் நமக்கு வீட்டைக் கொடுத்திருக்கிறான். ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை. விளங்காமலே இருந்துகொள்வோம்.

உன் பாதிக்கு மாதாமாதம் வாடகை அனுப்புவேன். வேண்டாம் என்று எழுதாதே. எழுதினால் ப்ரெண்டனைக் கூப்பிடுவேன். இயந்திரத்துக்கு அதைச் சேர்த்து வை. இங்கே வர வேண்டும் என்றால் வா. நான் விமான நிலையத்துக்கு வர மாட்டேன், ஒரு தடவை நின்றதே போதும். ட்ராமில் ஏறி ஸ்மித் தெருவில் இறங்கி யாரையாவது வழி கேள். இங்கே யார் கேட்டாலும், டெனிஸுக்கு நீ என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வா.

திங்கட்கிழமை வாடகைச் சாமான்காரர்கள் வந்து சோபாவையும் மேஜையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆப்பிளை விட்டுவிட்டார்கள். கூடம் இப்போது காலியாக இருக்கிறது. நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பழக்கத்தில் கெட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டேன். பிறகு எடுத்து அடுப்பின் மேலேயே வைத்தேன்.

இன்று காலை குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு, டோஸ்ட் தின்றுகொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு சின்ன வயதுப் பெண்ணும் பையனும். கையில் பழைய விளம்பரத் தாள். நான் செருப்போடும் தட்டோடும் நிற்பதைப் பார்த்ததும் அந்தப் பெண் தயங்கினாள். "மன்னிச்சுக்குங்க, பதினொரு மணிக்கு வீடு பாக்கலாம்னு போட்டிருந்துச்சு. காலியா இருக்குன்னு சொன்னாங்களே?" என்றாள்.

"இல்லம்மா, காலியா இல்ல" என்றேன். "நான் இங்க குடியிருக்கேன்."

உன் அக்கா,
நோலா